குண்டு அச்சும் கரிசல் சீமையும்

பாக்குவெட்டியைக் கையாண்டவர்களுக்குப் பழைய குண்டு அச்சை விளக்குவது எளிது. ஒரு முனையில் மூட்டிய இரண்டு இரும்புக் கைகள். வெட்டும் இடத்தில், ஆளுக்குப் பாதியாக ஓர் உருண்டைக் குழி. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் குழி முழுதாகும். மேலே ஈயம் ஊற்ற ஒரு துளை இருக்கும். இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கி, மேலே திரளும் கசடை வழித்தெறிந்து, துளையில் ஊற்றிச் சற்றுப் பொறுத்துக் கைகளை விரித்தால் குண்டு கீழே விழும். ஊற்றிய இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வாலை நறுக்க வேண்டும். அச்சு சூடேறுவதற்கு முன் வார்த்த குண்டுகள் சுருங்கிப் பொக்கையாக வரும். அவை திரும்பக் கரண்டிக்கே போகும்.

துப்பாக்கியை விடச் சிறியது என்பதால் இந்தக் கருவியை யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை. ஆனால் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தது இதுதான். பட்டறையில் தட்டி உருவாக்கிய குழல்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. குண்டு ஒரு நூல் பெருத்தால் குழலுக்குள் சிக்கும். இளைத்தால் மருந்தின் வேகம் குண்டைச் சுற்றிக் கசிந்து, குறி எங்கோ போகும். ஆகவே அந்தந்தக் குழலுக்கு அதற்குப் பொருந்தும் அச்சு வேண்டும். குழலின் அகலத்தை ஆங்கிலேயர் அளந்ததும் ஈயத்தைக் கொண்டுதான். ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு குண்டு வார்த்தால் அதில் ஒன்று நுழையும் குழல் ‘பன்னிரண்டு போர்’. இன்று உரிமம் வாங்கித் தோட்டாத் துப்பாக்கி வைத்திருப்பவர் சொல்லும் 12 போர் அந்தக் கணக்கின் மிச்சம்.

தோட்டா வந்த பிறகு அச்சின் வேலை மாறியது. பித்தளைக் கூடு, அடியில் தட்டினால் தீப்பற்றும் கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு என எல்லாம் ஒன்றாகிவிட்டன. சுட்டு முடித்த கூட்டை வீசிவிட மனமில்லாதவர்கள் அதை மீண்டும் நிரப்பத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1884-இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் இடுக்கி போன்ற ஒரே கருவியில் குண்டு வார்க்கவும் கூட்டை நிரப்பவும் வழி செய்து விற்றது. 1943-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹண்டிங்டன், சுட்டு எறிந்த .22 தோட்டாக் கூடுகளையே குண்டுக்குச் செம்புச் சட்டைபோல் மாட்டுவதற்கான அச்சு ஒன்றைக் கடைந்தார். மலையணில் வேட்டைக்குப் பயன்பட்டதால் அதற்கு ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’ என்று பெயர். அதன் முதலெழுத்துகளான ஆர்.சி.பி.எஸ். இன்று உலகம் முழுக்க விற்கும் டைகளின் பெயர்.

சுடும்போது பித்தளைக் கூடு துப்பாக்கி அறையின் சுவர்வரை உப்பிவிடும். டை என்னும் எஃகு அச்சு அதைப் பழைய அளவுக்கு ஒடுக்குகிறது. கையால் போல்ட் இழுக்கும் ரைபிளில் கழுத்தை மட்டும் ஒடுக்கினால் போதும். கூடு சற்று இறுக்கமாக இருந்தாலும் கை வலுவில் உள்ளே போய்விடும். தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கி ரைபிளில் அந்தக் கை கிடையாது. சுருள்வில் தள்ளுகிற வேகத்தில் தோட்டா தடங்கலில்லாமல் உள்ளே சென்று பூட்டிக்கொள்ள வேண்டும். எனவே அதற்குக் கூட்டின் கழுத்து, தோள், உடல் எல்லாவற்றையும் ஒடுக்கும் முழுநீள டை. இறுக்கமான அறை என்றால் அடிப்பாகத்தைக் கூடுதலாக ஒடுக்கும் தனி டையும் உண்டு. அதே சமயம் தோளை அளவுக்கு மீறிப் பின்தள்ளினால் நாலைந்து முறை சுட்டதும் கூடு அடியோடு பிய்ந்துகொள்ளும். எந்த டை வாங்குவது என்று அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கங்களில் ஓயாமல் விவாதிப்பது இந்த நூலிழைக் கணக்குகளுக்காகத்தான்.

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் ஊரான அருப்புக்கோட்டையில் அந்த விவாதம் எழவே வழியில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ‘தோட்டா வகை’ என்று வரையறுப்பவற்றில், தோட்டாவின் பாகங்களோடு தோட்டா செய்யும் பொறிகளும் அடக்கம். குண்டோ மருந்தோ இல்லாமல், எஃகில் கடைந்த ஒரு டை மட்டும் மேசை டிராயரில் கிடந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது தோட்டாவோடு சேர்ந்ததுதான். அரைத்தானியங்கி ரைபிளோ, சில விலக்குகள் போக, ஆயுத விதிகளின் தடை செய்யப்பட்ட வகையில் இருக்கிறது. சங்கங்களில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் சுடுவது காற்றுத் துப்பாக்கியும் .22-உம். .22 தோட்டாவில் கேப் மருந்து விளிம்பிலேயே இருப்பதால், ஒருமுறை சுட்டுவிட்டால் அந்தக் கூடு பழைய பித்தளைக் கடைக்குத்தான் ஆகும்.

துப்பாக்கியின் மேல் மட்டுமல்லாமல் அச்சின் மேலும் அரசுக்கு ஏன் இத்தனை கண்? பதிலில் ஒரு பங்கு இந்த மண்ணிலேயே இருக்கிறது.

திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர் எல்லாம் சேதுபதி சீமை. அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி தாண்டித் தெற்கே இறங்கினால் நாகலாபுரம் பாளையம். அதற்கும் அப்பால் எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும். மழையை நம்பிய கரிசலில் கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்தது போக, பலருக்குப் பிழைப்பு காவல். ஊரையும் வழியையும் வழிச்செல்லும் வண்டிகளையும் காத்துக் கூலி வாங்கினார்கள். காவல்காரர் கையில் பெரும்பாலும் இருந்தவை கம்பு, ஈட்டி, வளரி. பாளையக்காரர் படையில் திரித் துப்பாக்கியும் இருந்தது.

துப்பாக்கி கடல்வழியாக வந்த சரக்கு. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுகீசியர், 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர் என்று கரையில் ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் உள்நாட்டுக்குப் போகும் வழி அடைபடவில்லை. 1783 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஃபுல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குள் நுழைந்தபோது பணத்தோடு துப்பாக்கிகளும் மருந்தும் குண்டும் குவிந்திருப்பதைக் கண்டார். கூடவே கொழும்பு டச்சு அரசோடு பாளையக்காரர் செய்துகொண்ட உடன்படிக்கையும் கிடைத்தது. கம்பெனிக்குத் தூக்கம் போனது எதனால் என்று கேட்டால், அந்தத் தாள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. வாங்குமிடம் ஒன்று இருக்கும்வரை, பிடுங்கிய துப்பாக்கிக்குப் பதில் இன்னொன்று வந்துவிடும்.

பதினாறு ஆண்டு கழித்துப் புகைச்சல் திருச்சுழிக்குக் கிழக்கிலிருந்து கிளம்பியது. முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி 1795-இல் பதவி நீக்கிச் சிறையில் அடைத்திருந்தது. 1799 ஏப்ரலில் மயிலப்பன் சேர்வைகாரரும் அவர் ஆட்களும் முதுகுளத்தூர், அபிராமம் பகுதிகளில் கம்பெனிக் கச்சேரிகளைத் தாக்கினார்கள். முதலில் எடுத்தது ஆயுதங்களை. அந்தக் கிளர்ச்சி அடங்கிய சில மாதங்களில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தார். அதன் பாளையக்காரர் கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்திலும், கட்டபொம்மனை அக்டோபர் 16-இல் கயத்தாற்றிலும் தூக்கிலிட்டார். சில நாட்களிலேயே பாளையக்காரர் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு பிறந்தது.

உத்தரவு எவ்வளவு பலித்தது என்பது 1801-இல் தெரிந்தது. பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பினார். இடித்த கோட்டை நாட்கணக்கில் மறுபடி எழுந்தது. மார்ச் 31-இல் அதைத் தாக்கிய கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. மே 24-இல்தான் உள்ளே போக முடிந்தது. அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் நீண்ட ஈட்டிகளைப் பற்றி மரியாதையோடு எழுதியிருக்கிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்றும் குறிப்பிடுகிறார். அந்த மருதுவைத் தமையனோடு சேர்த்து 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது வெல்ஷ் இருந்த அதே படை.

டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் பிரகடனம் வந்தது. திண்டுக்கல், மதுரை, இராமநாதபுரம், சிவகங்கை, திருநெல்வேலிச் சீமைகளில் எல்லாவித ஆயுதப் பழக்கமும் ஒழிக்கப்படும் என்றது. 1857-க்குப் பிறகு வடக்கே நடந்த ஆயுதப் பறிப்பைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். இங்கே அது அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்துவிட்டது.

ஆனால் பிரகடனத்தால் எட்ட முடியாத ஒன்று இருந்தது. ஈயம் சந்தையில் கிடைத்தது. வெடியுப்பை உப்பிலியர் உவர்மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்தார்கள். கரியும் கந்தகமும் அரிய பொருள்கள் அல்ல. குழல் ஒன்று ஒளிந்திருந்தால் மீதியைக் கிராமமே செய்துகொள்ள முடிந்தது. இந்தத் தற்சார்பை உடைத்தது சட்டம் அல்ல, ஒரு சின்னச் செம்புத் தொப்பி. 1840-களில் திரிக்கும் சக்கிமுக்கிக் கல்லுக்கும் பதிலாகக் கேப் பரவியது. அதற்குள் இருக்கும் மருந்தை ஊர்ப் பட்டறையில் செய்வது கஷ்டம். கேப் கடையில்தான் வாங்க வேண்டும். கடைக்கு உரிமம் வேண்டும். புகையில்லா மருந்து வந்ததும் இடைவெளி இன்னும் அகன்றது. நீலகிரி அருவங்காட்டில் 1904 முதல் அரசு தயாரித்த கார்டைட்டை உரலில் இடித்துச் செய்ய முடியாது. அதன் வேகத்துக்கு வெறும் ஈயக் குண்டும் தாங்காது.

இடையில் 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் நாடு முழுவதையும் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தது. வெள்ளையருக்கு விலக்கு. குடகர்களுக்கு 1861 முதலே விலக்கு. அது இன்றும் 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கரிசல்காட்டுக்கு அப்படி எந்தச் சலுகையும் கிடையாது. பாளையக்காரப் போர் நடந்த மண் என்பதை நினைத்தால் கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அச்சையும் குண்டையும் அரசு எவ்வளவு நுணுக்கமாக யோசித்தது என்பதற்கு 1907 நல்ல சாட்சி. அந்த ஆண்டு .450 அளவுள்ள வேட்டை ரைபிள்களும் தோட்டாக்களும் இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று தடை விதித்தார்கள். யானை வேட்டைக்கார துரைமார்களின் ஆயுதம் அது. அவர்கள் மேல் யாருக்கும் சந்தேகமில்லை. பயமெல்லாம், எல்லைப்புறத்திலும் பிற இடங்களிலும் கைமாறிய பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளைப் பற்றித்தான். அவற்றின் குழலும் .450. வேட்டைத் தோட்டாவிலிருந்து குண்டைப் பிடுங்கி, சுட்ட கூட்டில் திணித்துக்கொள்ளலாம். லண்டன் துப்பாக்கிக்காரர்கள் உடனே .465, .470 என்று ஒட்டாத அளவுகளைத் தேடிப் போனார்கள். உலகின் பெயர்பெற்ற யானை ரைபிள்கள் சிலவற்றுக்கு அந்த விசித்திர எண்கள் வந்தது, தோட்டாவை மறுபடி நிரப்புவது குறித்து இந்திய அரசுக்கு இருந்த கவலையால்.

போலீசுக்கும் இதே வைத்தியம். முதல் உலகப்போருக்குப் பின் ஈசாப்பூர் தொழிற்சாலையில் .303 ராணுவ ரைபிள்களை, ஒருமுறைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும் .410 மஸ்கட்டுகளாக மாற்றி, போலீசார், சிறைக் காவலர் கையில் கொடுத்தார்கள். பொதுமக்களுக்கு .303 கூடாது என்பதால் வேட்டை ரைபிளுக்கு .315 என்ற தனி அளவு வந்தது. சுதந்திர இந்தியா இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய .303, 7.62 மில்லிமீட்டர் ரைபிள்களெல்லாம் இன்றும் தடைப்பட்டியலில்தான். வெள்ளைக்காரன் குடிமக்கள் மேல் வைத்த சந்தேகத்தில் அப்புறம் வந்தவர்கள் ஒரு நூல்கூடக் குறைக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூரைத் தாண்டி மேற்கே போனால் சிவகாசி. 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் இருவரிடமிருந்து தொடங்கிய கதை அது. 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்தபின் பட்டாசு ஆலைகள் உரிமத்தோடு பெருகின. அங்கே பெண்கள் காகிதக் குழாய் சுற்றுகிறார்கள். குழாய்களை வளையத்தில் நெருக்கி அடுக்கி மருந்து செலுத்துகிறார்கள். கூடு, மருந்து, திரி எல்லாம் உண்டு. குண்டு மட்டும் கிடையாது. அந்த ஒரு வித்தியாசத்தால் இது வேறு சட்டம், வேறு அலுவலகம், வேறு படிவம். நாட்டின் பட்டாசில் பெரும்பங்கைச் செய்யும் மாவட்டத்தில், ஒரு பித்தளைக் கூட்டை ஒடுக்கும் டைக்கு உரிமம் தேவை.

சட்டத்தில் கரிசல் விவசாயிக்கு ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். 1959 சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பயிரைக் காக்க வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க இடமளிக்கிறது. காட்டுப்பன்றி கடலையைக் கிண்டுகிற ஊர்களில் அந்த உரிமத்துக்கு மனுக் கொடுக்கலாம். பன்றியைச் சுட 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி வனத்துறையிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்பதால், பெரும்பாலும் அந்தத் துப்பாக்கியின் வேலை சத்தம் போட்டு விரட்டுவது. மருந்தும் கேப்பும் வாங்கும்போது உரிமப் புத்தகத்தில் பதிவாகும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, ஓட்டு எண்ணி முடித்தபின் போய் எடுத்து வர வேண்டும்.