நுரைச்சோலைப் புகைபோக்கியும் அதை அளப்பவர்களும்

ஒரு புறம் புத்தளம் களப்பு, மறுபுறம் கடல். நடுவே கற்பிட்டித் தீபகற்பம். மணல் நிலம்தான் என்றாலும் கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் குடியேறியதும் இந்த மண்ணில்தான். இலங்கையின் ஒரேயொரு நிலக்கரி அனல்மின் நிலையமான லக்விஜய இங்குள்ள நுரைச்சோலையில் நிற்கிறது.

திருகோணமலையும் பின்னர் தென்கரையும் பேசப்பட்டுக் கைவிடப்பட்ட பிறகே இத்திட்டம் இங்கு வந்தது. தலவில் புனித அன்னம்மாள் திருத்தலம் அருகில் இருப்பதால் கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. மீனவரும் விவசாயிகளும் எதிர்த்தனர். ஆயினும் சீன எக்சிம் வங்கியின் கடனில் 2006 மே மாதம் வேலை தொடங்கிற்று. முதல் அலகு 2011 மார்ச்சில் இயங்கியது. 2014 செப்டம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் முன்னிலையில், தலா 300 மெகாவாட் கொண்ட மூன்று அலகுகளும் நிறைவுற்றன.

புகைபோக்கியின் உயரம் 150 மீற்றர். உயரம் புகையைக் குறைப்பதில்லை, தூரத்துக்குப் பரப்புகிறது, அவ்வளவே. குறைப்பது, சாம்பலைப் பிடிக்கும் மின்நிலை வீழ்படிவாக்கியும், கந்தகவீரொட்சைட்டைக் கடல் நீரால் கழுவும் அமைப்பும்தான். அவை ஒழுங்காக இயங்குகின்றனவா என்பதை எப்படி அறிவது? பழைய வழி, குறித்த நாளில் வல்லுநர் ஒருவர் வந்து மாதிரி எடுத்துச் செல்வது. அந்த நாள் ஆலைக்கு முன்கூட்டியே தெரியும். கொதிகலனும் அன்று சீராக எரியும். ஆனால் தூசு அதிகம் வெளியேறுவது, அலகு நின்று மீண்டும் மூட்டப்படும் மணித்தியாலங்களில். எண்ணெய் எரித்துச் சூடேற்றும்போது வீழ்படிவாக்கியைப் பெரும்பாலும் இயக்குவதில்லை. ஆரம்ப ஆண்டுகளில் நுரைச்சோலை எத்தனை முறை பழுதாகி நின்றது என்பதை நாட்டு மக்கள் இருளில் இருந்தே கற்றனர்.

ஆகவேதான் தொடர் உமிழ்வுக் கண்காணிப்பு அவசியமாகிறது. புகைபோக்கியிலேயே பொருத்திய கருவி, வாயுக்கள் உறிஞ்சும் ஒளியையும் தூசு சிதறடிக்கும் ஒளியையும் கொண்டு இடைவிடாது அளக்கிறது. அளவு தெரிந்த வாயுவால் அடிக்கடி சரிபார்க்காவிடில் கருவியும் பொய் சொல்லும். அமெரிக்கா 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் இதைக் கட்டாயமாக்கி, 1995 முதல் மணிக்கு மணி கணக்குக் கேட்டது. அங்கே கந்தகம் வெளியேற்றும் உரிமை விலைக்கு விற்கப்படும் சரக்காயிற்று; சரக்கென்றால் நிறுவை வேண்டுமே! இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் இக்கருவிகளைக் கோரியது. 2015 டிசம்பரில் கடுமையான வரம்புகளும் வந்தன. தவணைகள் மீண்டும் மீண்டும் நீட்டப்பட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான ஆலைகளுக்குக் கந்தக வரம்பே தளர்த்தப்பட்டது. கருவி இருந்தும் வரம்பு இல்லையென்றால் அளந்து என்ன பயன்?

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் உண்டு. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் 1988 திருத்தத்துடன் வந்தது. வடமேல் மாகாணத்துக்கு மட்டும் 1990ஆம் ஆண்டின் நியதிச் சட்டத்தால் தனி அதிகார சபை. அதாவது, நாட்டின் மிகப் பெரிய மின்நிலையத்தை, ஒரு மாகாணத்தின் சிறிய நிறுவனம் மேற்பார்க்க வேண்டும். உரிமம் 2017இல் காலாவதியான பின்னும் ஆலை ஓடியது. நிறுத்தினால் நாடே இருளும் என்கையில், எந்த அதிகாரி துணிவார்? நிலையான மூலங்களின் உமிழ்வுக்கான ஒழுங்குவிதிகள் 2019இல்தான் வர்த்தமானியில் வெளியாயின. அதே ஆண்டு ஏப்ரலில் சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், தனியார் மின் நிறுவனமொன்று 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிணற்று எண்ணெயை வாளியில் அள்ளிக் காட்டலாம். காற்றை அப்படிக் காட்ட இயலாது; அந்தக் கருவியின் பதிவு ஒன்றே சாட்சி. அப்பதிவு ஆலையின் பெட்டகத்தில் அல்ல, ஊரவர் பார்வையில் இருக்க வேண்டும் என்பேன்.

கருவிக்கும் எட்டாத ஒன்று உண்டு. நிலக்கரிக் கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, படகுகள் சரக்கை இறக்குகின்றன. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் அது முடியாது. எனவே ஏப்ரலுக்குள் மாதக் கணக்குக்கான கரி திறந்தவெளியில் மலையாகக் குவிக்கப்படுகிறது. பின்னர் மே முதல் செப்டம்பர் வரை கடலிலிருந்து வீசும் காற்று, அக்குவியலைக் கடந்தே மிளகாய்த் தோட்டங்களுக்கு வருகிறது.