முத்கல் கொடுத்த கடிதம்

1951 செப்டம்பர். நாட்டின் முதல் பொதுத்தேர்தல் அப்போது தொடங்கியிருக்கவில்லை. டெல்லியில் இடைக்கால நாடாளுமன்றம் நடந்துகொண்டிருந்தது. அதன் உறுப்பினர் எச்.ஜி.முத்கல், பம்பாய்த் தங்கம், வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்காகக் கேள்வி கேட்டார், முன்பேர வணிக மசோதாவுக்குத் திருத்தம் கொடுத்தார் என்பது புகார். தொகை சில ஆயிரம் ரூபாய்தான். ஆளும் காங்கிரஸ்காரர் வேறு. ஆனாலும் பிரதமர் நேரு மூடி மறைக்கவில்லை. விசாரணைக் குழு அமைக்கும் தீர்மானத்தை ஜூன் மாதமே தானே கொண்டுவந்தார்.

குழுவின் தலைவர் சென்னையைச் சேர்ந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி. முத்கல் தரப்பையும் கேட்ட பிறகு, அவர் நடத்தை அவையின் மாண்புக்கு இழுக்கு என்று குழு சொன்னது.

நீக்கத் தீர்மானம் நிறைவேறும் முன்பே முத்கல் பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். விலகியவரை எப்படி நீக்குவது? அவை தீர்மானத்தையே திருத்தியது: இவர் நீக்கப்பட வேண்டியவரே, கடிதத்தின் வாசகங்கள் குற்றத்தை இன்னும் கூட்டுகின்றன என்று பதிவு செய்தது. ஒரு வரித் திருத்தம்தான். ஆனால் தப்பிக்கும் கதவை அது அடைத்தது.

அதே கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது முந்த்ரா விவகாரம் வெடித்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களுக்குப் போனதை அவையில் கிளப்பியவர் ஆளுங்கட்சியின் பெரோஸ் காந்தி, நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். 1958 பிப்ரவரியில் அமைச்சர் பதவி விலகினார்.

இந்த வேகம் நிலைக்கவில்லை. காரணம், அது ஆட்களை நம்பியிருந்தது, அமைப்பை அல்ல. மாநிலங்களவையில் நெறிமுறைக் குழு வந்தது 1997-இல்தான். மறு ஆண்டே உச்ச நீதிமன்றம், லஞ்சம் வாங்கி அவையில் வாக்களித்த உறுப்பினருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு என்றது. விபரீதமான தீர்ப்பு அது.

2005 டிசம்பரில் ரகசிய கேமராவில் சிக்கிய 11 உறுப்பினர்கள், கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக ஒரே நாளில் நீக்கப்பட்டார்கள். அன்று எடுத்துக்காட்டப்பட்ட முன்னுதாரணம் முத்கல் வழக்கு.

1998 தீர்ப்பை ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 மார்ச் 4 அன்று ஒருமனதாக ரத்து செய்தது. அதற்கு 26 ஆண்டுகள் ஆயின.