கௌரியம்மா, கே. ஆர். (1919–2021)

கேரள ராஜ்யத்தின் முதல் மந்திரிசபையில் வருவாய் மந்திரியாக அமர்ந்து நிலச் சீர்திருத்த மசோதாவைச் சட்டசபையில் கொண்டுவந்தவரும், 1948 முதல் 2011 வரை 17 தடவை சட்டசபைத் தேர்தல்களில் அபேட்சகராக நின்று 13 தடவை வெற்றி கண்டவருமான களத்திப்பரம்பில் ராமன் கௌரி, மலையாள நாட்டில் கௌரியம்மா என்ற பெயராலேயே பிரசித்தி பெற்றார். நெடுங்காலம் சட்டசபையில் வீற்றிருந்தவர்கள் இந்தியாவில் பலர் உண்டு. ஆயினும் ஒரு கட்சியில் வளர்ந்து, அது பிளந்தபோது ஒரு பாதியோடு சென்று, அந்தப் பாதியும் தம்மை வெளியேற்றிய பின் சொந்தக் கட்சி ஒன்றை நிறுவி, இவ்வளவு மாறுதல்களுக்கும் இடையே ஒரே கடற்கரைப் பிரதேசத்து வாக்காளர்களின் ஆதரவை அரை நூற்றாண்டு காலம் தக்கவைத்துக்கொண்டவர் வேறொருவரைச் சுட்டுவது எளிதன்று.

ஆலப்புழை மாவட்டத்தில் சேர்த்தலைக்கு அருகிலுள்ள பட்டணக்காட்டில் 1919-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி ஈழவ வகுப்பைச் சேர்ந்த குடும்பத்தில் கௌரி ஜனித்தார். பெண்கள் பள்ளிப்படிப்பைத் தாண்டுவதே அரிதாயிருந்த அக்காலத்தில் எர்ணாகுளத்தில் கல்லூரிப் படிப்பையும், திருவனந்தபுரத்தில் சட்டப் படிப்பையும் முடித்துச் சேர்த்தலையில் வக்கீல் தொழிலை மேற்கொண்டார். ஈழவப் பெண்களில் முதல் வக்கீல் இவரே என்பர். அண்ணன் சுகுமாரனின் தொடர்பால் தொழிற்சங்க இயக்கத்தை அணுகிய இவர், 1948-இல் கம்யூனிஸ்ட் கட்சியின் அங்கத்தினரானார்.

இவர் பிறந்து வளர்ந்த வட்டாரத்தின் தன்மையை அறியாமல் இவருடைய தேர்தல் சரித்திரத்தை விளங்கிக்கொள்ள முடியாது. கொச்சிக்குத் தெற்கே, மேற்கில் அரபிக்கடலும் கிழக்கில் வேம்பநாட்டுக் காயலும் நெருக்க, இடையில் ஒரு மணற்பட்டையாக நீண்டு கிடக்கிறது அந்தப் பூமி. தேங்காய் மட்டையைக் காயல் நீரில் ஊறப்போட்டு, தட்டி நாரெடுத்து, ராட்டில் கயிறு திரிக்கும் ஸ்திரீகளும், பிற்காலத்தில் இறால் தோலுரிக்கும் கொட்டகைகளில் நாளெல்லாம் நின்று வேலை செய்தவர்களும் அங்கே வாக்காளர்களில் பெரும்பகுதியினர். திருவிதாங்கூர் திவானின் ஆட்சியை எதிர்த்துத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்து சேனையின் துப்பாக்கிக்கு இரையான 1946-ஆம் ஆண்டின் வயலார் சம்பவம் நிகழ்ந்ததும் இதே சேர்த்தலைத் தாலுகாவில்தான். செங்கொடிக்கு அங்கிருந்த மதிப்பு பிரசங்கத்தினால் மட்டும் விளைந்ததன்று.

அப்படியிருந்தும் இவருடைய முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. 1948-இல் திருவிதாங்கூரில் நடந்த தேர்தலில் காங்கிரஸின் பெருவெள்ளத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு ஸ்தானமும் கிட்டவில்லை. அதன்பின் கட்சி தடைசெய்யப்பட, கௌரி சிறைவாசம் அனுபவித்தார். 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில், கட்சியின் பெயரை வெளிப்படையாகச் சொல்லி நிற்க வகையில்லாத நிலையிலும், சேர்த்தலை வட்டாரத்தினர் இவரைத் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபைக்கு அனுப்பினர். 1954-இலும் அவ்வாறே செய்தனர்.

1957-ஆம் ஆண்டுத் தேர்தலில் 126 ஸ்தானங்களுள் 60-ஐக் கைப்பற்றிய கம்யூனிஸ்ட் கட்சி, சுயேச்சைகள் ஐவரின் துணையுடன் ஏப்ரல் 5-ஆம் தேதி இ. எம். எஸ். நம்பூதிரிபாடின் தலைமையில் மந்திரிசபை அமைத்தபோது, பதினொரு மந்திரிகளுள் ஒரே பெண்மணியாக, சேர்த்தலை அங்கத்தினராகிய கௌரியம்மா வருவாய் இலாகாவை ஏற்றார். ஒரு வாரம் கழியுமுன், ஏப்ரல் 11-ஆம் தேதி, குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. அதனைத் தொடர்ந்து இவர் கொண்டுவந்த விவசாய உறவு மசோதா 1959 ஜூனில் சட்டசபையில் நிறைவேறிற்று. ஆனால் ஜனாதிபதியின் சம்மதம் கிட்டுமுன்னரே ‘விமோசன சமரம்’ என்ற கிளர்ச்சி மூண்டு, ஜூலை 31-ஆம் தேதி மந்திரிசபை கலைக்கப்பட்டது. 1960-ஆம் ஆண்டுத் தேர்தலில் கட்சி பெற்ற வாக்குகளின் விகிதம் கூடியபோதிலும், எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து நின்றதால் 29 ஸ்தானங்களே மிஞ்சின. அந்த 29 பேரில் கௌரியம்மாவும் ஒருவர்.

மந்திரி பதவி ஏற்ற அதே 1957-இல் இவர் தம் சகமந்திரியும் ஆலப்புழைத் தொழிற்சங்கத் தலைவருமான டி. வி. தாமஸை விவாகம் செய்துகொண்டார். 1964-இல் கட்சி பிளந்தபோது கணவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியில் நின்றார். மனைவி மார்க்சிஸ்ட் கட்சிக்குச் சென்றார். 1967-இல் நம்பூதிரிபாடின் இரண்டாவது மந்திரிசபையில் இருவரும் இரு வேறு கட்சிகளின் பிரதிநிதிகளாக ஒரே மேஜையைச் சுற்றி அமர நேர்ந்தது. இல்லறம் இதைத் தாங்கவில்லை. இருவரும் பிரிந்தே வாழ்ந்தனர். இக்கதையைப் பத்திரிகைகள் இன்றளவும் ரசமாக எழுதிவருகின்றன. இவருடைய சட்டசபைப் பணியைக் குறித்து அதில் பாதியும் எழுதப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

பிளவுக்குப் பின் இவர் நின்ற தொகுதி அரூர். இது தருமபுரி மாவட்டத்து அரூர் அன்று. கொச்சியின் தெற்கு வாசல்போல் அமைந்த, மேற்கூறிய மணற்பட்டையின் வடகோடி. 1965-இல் இங்கு வெற்றி பெற்றபோதிலும், எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாததால் அந்தச் சட்டசபை கூடாமலே கலைந்தது. 1967-இலும் 1970-இலும் மீண்டும் வென்றார். 1967 முதல் 1969 வரை மறுபடியும் வருவாய் மந்திரியாயிருந்த காலத்தில் இவர் உருவாக்கிய நிலச் சீர்திருத்தத் திருத்த மசோதா 1969-இல் சட்டசபையில் நிறைவேறியது.

அதன் ஒரு பிரிவை மாத்திரம் சற்று அருகிலிருந்து பார்ப்போம். பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்தவர்களைக் ‘குடிகிடப்புக்காரர்’ என்பர். தலைமுறைகளாக அங்கேயே பிறந்து இறந்தாலும், நிலக்காரர் போ என்றால் பாயையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். அவர்களுக்குக் குடிசை நின்ற மண்ணில், பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், நகரசபைப் பகுதியில் 5 சென்ட், மாநகரத்தில் 3 சென்ட் என்று சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமையை இச்சட்டம் அளித்தது. பத்து சென்ட் பெரிய ஆஸ்தி ஆகாது. ஆயினும் அந்த இடத்தில் தென்னங்கன்று ஒன்றை வைத்தவன் அதன் காயைத் தானே பறிக்கலாம் என்றாயிற்று. கயிறு திரித்த கைகள் ஆண்டுக்கணக்காக இவர் பெயருக்கு நேரே முத்திரை குத்தியதற்கு இதைவிட வலுவான காரணம் தேடவேண்டியதில்லை. 1970 ஜனவரி முதல் தேதி இச்சட்டத்தை அமுலுக்குக் கொண்டுவந்தது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த அச்சுத மேனனின் மந்திரிசபை. கீர்த்தி யாரைச் சேர்ந்தது என்று இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்குள்ளும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

வெற்றிகளைக் காட்டிலும் தோல்விகளே சில சமயம் ஒரு தலைவரின் பலம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெளிவாக்குகின்றன. நெருக்கடி நிலையின் இறுதியில், 1977 மார்ச்சில் நடந்த தேர்தலில், காங்கிரஸும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்த முன்னணி 140 ஸ்தானங்களுள் 111-ஐ வென்றது. அரூரில் கௌரியம்மாவைத் தோற்கடித்த பி. எஸ். ஸ்ரீனிவாசன், கணவர் தாமஸின் கட்சியைச் சேர்ந்தவர். அந்த மார்ச் மாதத்திலேயே தாமஸ் காலமானார். செங்கொடி வாக்குகள் இரண்டாகப் பிரிந்து ஒரு பகுதி காங்கிரஸோடு சேர்ந்தால் தம் சொந்த மண்ணிலும் இவர் தோற்கக்கூடும் என்பது அன்று வெளியாயிற்று. 1980-இல் இரு கட்சிகளும் ஒரே முன்னணியில் சேர்ந்ததும் அரூர் மீண்டும் இவர் வசமானது. ஈ. கே. நாயனாரின் மந்திரிசபையில் இடம் பெற்ற இவர், 1982-இலும் வெற்றி பெற்றார்.

1987-ஆம் ஆண்டுத் தேர்தலே இவருடைய வாழ்வின் உச்சமும் திருப்பமும் ஆகும். தென்னை செறிந்த கேரள நாட்டைக் கௌரி ஆளப்போகிறார் என்ற பொருளில் எதுகை மோனையோடு ஒரு கோஷம் ஊரூராக முழங்கியது. ஜனங்களும் நம்பினர். இடதுசாரி முன்னணி வென்ற பின் முதன்மந்திரியாக அமர்ந்தவரோ நாயனார். கௌரியம்மாவுக்குத் தொழில் இலாகா கிடைத்தது. பெண் என்பதாலா, வகுப்பின் காரணத்தாலா, கட்சிக்குள் யாருக்கும் பணியாத சுபாவத்தாலா என்று பலர் பல விதமாக ஆராய்ந்தனர்; மூன்றும் ஓரளவு சேர்ந்தே வேலை செய்தன என்று கருதுவதே நியாயம். பெண்களுக்கான கமிஷனை நிறுவும் மசோதாவை இக்காலத்தில் இவர் கொண்டுவந்தார். 1991-இல் முன்னணி தோற்றும் இவர் வென்றார். மனக்கசப்பு முற்றி, 1994-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கட்சி இவரை விலக்கிற்று. அப்போது இவருக்கு வயது எழுபத்துநான்கு.

அந்த வயதில் வேறொருவராயின் சுயசரிதை எழுத உட்கார்ந்திருப்பார். கௌரியம்மா அதையும் பின்னர் எழுதினார்; ஆனால் முதலில் ஜனாதிபத்திய சம்ரக்ஷண சமிதி என்ற கட்சியை நிறுவி, ஆயுள் முழுதும் தாம் எதிர்த்த காங்கிரஸ் தலைமையிலான முன்னணியில் சேர்ந்தார். கொள்கைப் பற்றுடையவர்களுக்கு இது உறுத்தியது, உறுத்தியதில் தவறுமில்லை. ஆயினும் 1996-இலும் 2001-இலும் அரூர் வாக்காளர்கள் சின்னத்தைப் பாராமல் ஆளைப் பார்த்து வாக்களித்தனர். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஆதிவாசிகள் இழந்த நிலத்தை மீட்டுத்தர 1975-இல் இயற்றப்பட்ட சட்டத்தை நீர்த்துப்போகச் செய்யும் திருத்தம் வந்தபோது, இரு முன்னணிகளும் கைகோத்து அதனை ஆதரிக்க, தன்னந்தனியாக எதிர்த்து நின்ற அங்கத்தினர் இவரே. 2001 முதல் ஏ. கே. அந்தோணி, உம்மன் சாண்டி ஆகியோரின் மந்திரிசபைகளில் விவசாய மந்திரியாயிருந்தார்.

2006-இல், எண்பத்தாறாம் வயதில், அரூரில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. எம். ஆரிஃபிடம் தோற்றார். 2011-இல் தம் பழைய தொகுதியாகிய சேர்த்தலைக்குத் திரும்பி நின்று, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பி. திலோத்தமனிடம் தோல்வியுற்றார். 1948-இன் முதல் தோல்வியையும் 1977-இன் தோல்வியையும் கூட்ட, ஆகத் தோல்விகள் நான்கு.

1957-ஆம் ஆண்டு மந்திரிசபையினரில் கடைசியாக எஞ்சியிருந்த கௌரியம்மா, 2021 மே 11-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார். ஆலப்புழையின் வலிய சுடுகாட்டில் தகனம் நடந்தது. அரூரில் ஆரிஃப் தொடர்ந்து மூன்று தடவை வென்று 2019-இல் பாராளுமன்றத்துக்குச் சென்றபின், அவ்வாண்டு நடந்த இடைத்தேர்தலில் காங்கிரஸின் ஷானிமோள் உஸ்மானும், 2021-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் தலீமா ஜோஜோவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.