விவரம் ஒன்று, பிரதி பல

கரவெட்டியில் ஒரு காணி கைமாறும்போது நொத்தாரிசு முதலிற் கேட்பது பழைய உறுதியையே. காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள், கிணற்றிற் பங்கு, வழி வாய்க்கால் உரிமை ஆகிய யாவும் அதிலிருந்தே புதிய உறுதிக்குப் பெயர்த்தெழுதப்படும். எழுதி முடித்தபின் ஒன்று வாங்கியவர் கைக்கும், ஒன்று காணிப் பதிவகத்துக்கும் போக, மற்றொன்று நொத்தாரிசிடம் தங்கும். பாட்டன் காலத்து உறுதியில் வடக்கெல்லைக்காரரின் பெயரில் ஓர் எழுத்துத் தவறியிருந்தால், அத்தவறு பேரன் காலத்து உறுதிவரை சிறிதும் தவறாமல் வந்து சேரும். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்த தோம்புகளின் காலந்தொட்டே குடாநாட்டார் பதிவேடுகளோடு வாழ்ந்து பழகியவர்கள். பிரதி செய்வதால் விளையும் வழக்குகளும் அவர்களுக்குப் புதியனவல்ல.

கணினிக்கு நிரல் எழுதுவோரும் இதே இடருக்கு உட்பட்டார்கள். ஒரு பாடசாலையின் மாணவர் விவரங்களைப் பேணுவதற்கு ஒரு செயலி செய்யப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மாணவரின் பெயர், பிறந்த திகதி, பெற்றோர் பெயர், சேர்ந்த வகுப்பு என்ற பட்டியல் அந்தச் செயலியில் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. விவரங்கள் சேமிக்கப்படும் அட்டவணையில் ஒருமுறை, நிரலின் உள்ளே ஒருமுறை, திரையில் தோன்றும் படிவத்தில் ஒருமுறை, வேறு கணினிக்கு அனுப்பும் செய்தியில் ஒருமுறை என்று அது திரும்பத் திரும்ப எழுதப்பட வேண்டும். இன்ன பொருளைப் பற்றி இன்ன இன்ன விவரங்கள், ஒவ்வொன்றும் எழுத்தா, எண்ணா, திகதியா என்று வகுக்கும் இந்தப் பகுதியையே தரவு மாதிரி என்பர். நாளைக்குத் தொலைபேசி இலக்கமும் சேர்க்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தால், நான்கு இடத்திலும் கை வைக்க வேண்டும். மூன்று இடத்தில் எழுதி நான்காவதை மறந்தவர் பலர்.

இதற்குக் கண்ட வழி எளியது. விவரப் பட்டியலைத் தனியே ஒரு கோப்பில் ஒரேயொரு முறை எழுதிவைப்பது. அக்கோப்பை வாசித்து மற்ற நான்கையும் தானே எழுதித் தரும்படி இன்னொரு நிரலைப் பணிப்பது. நிரலை எழுதும் நிரல்! கேட்பவர்க்கு வியப்பாயிருக்கும். ஆனால் அதன் வரலாறு கணினியின் வரலாற்றைப் போலவே பழையது. அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் இலங்கையில் எழுதப்பட்டது என்பதைப் பலர் அறியார்.

அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கணித அறிஞர் கிரேஸ் ஹொப்பர் அம்மையார் 1952 ஆம் ஆண்டளவில், குறியீடுகளாகத் தரப்பட்ட கட்டளைகளிலிருந்து இயந்திரத்துக்குரிய நிரலைத் தொகுத்துத் தரும் ஒரு கருவியை அமைத்தார். கணினி கணக்குத்தான் செய்யும், நிரல் எழுதுமா என்று நம்ப மறுத்தோர் அன்று உளர். 1959 ஆம் ஆண்டில் ஒரு குழு கூடி வகுக்கத் தொடங்கிய கோபோல் என்னும் நிரல்மொழி, ஹொப்பர் அம்மையாரின் முந்திய மொழியையே பெரிதும் தழுவியது. அதில் தரவுக்கென்று ஒரு பிரிவும் செயல்முறைக்கென்று வேறொரு பிரிவும் வகுக்கப்பட்டன. என்ன விவரம் என்பது வேறு, அதைக்கொண்டு என்ன செய்வது என்பது வேறு என்ற இந்தப் பாகுபாடு சாதாரணமாகத் தோன்றும். பின்வந்தவை யாவும் இதன்மேற் கட்டப்பட்டவையே. தரவு விவரத்தைப் பொது நூலகமொன்றில் வைத்து, வேண்டிய நிரல்களுக்குள் அதையே பிரதி செய்துகொள்ளும் வசதியும் கோபோலிற் சேர்ந்தது.

1970 களில் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் என்பவர், ஒரு மொழியின் இலக்கண விதிகளை எழுதிக் கொடுத்தால் அம்மொழியை வாசிக்கும் நிரலை ஆக்கித்தரும் கருவி ஒன்றைச் செய்தார். விதியை மட்டும் எழுதிக் கொடுத்து நிரலைப் பெறலாம் என்பதில் அதன்பின் ஐயமிருக்கவில்லை.

கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியதும் சிக்கல் பெருகிற்று. ஓரிடத்துக் கணினி ஒரு மொழியிலும் மற்றோரிடத்துக் கணினி வேறொரு மொழியிலும் நிரல் கொண்டிருந்தால், இருவருக்கும் பொதுவான ஓர் உடன்படிக்கை வேண்டும். 2000 ஆம் ஆண்டில் ஐ. பி. எம்., மைக்ரோசொப்ட், அரிபா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து அத்தகைய உடன்படிக்கையை எழுதுவதற்கு ஒரு முறையை முன்வைத்தன. அதன் பெயர் டபிள்யூ. எஸ். டி. எல். ஒரு கணினிச் சேவை என்னென்ன கேட்கும், என்னென்ன விடை தரும், அவற்றிலுள்ள விவரங்கள் எவ்வகையின என்பவற்றை ஒரு கோப்பில் ஒழுங்குபட எழுதும் முறை அது. 2001 மார்ச்சில் உலக வலை அமைப்பு வெளியிட்ட அதன் 1.1 ஆம் பதிப்பில் நால்வர் ஆசிரியராகப் பெயர் பொறிக்கப்பட்டுள்ளனர். அவருள் ஒருவர் சஞ்சீவ வீரவரண என்னும் இலங்கையர், அக்காலத்தில் ஐ. பி. எம். ஆய்வுப் பிரிவிற் பணியாற்றியவர்.

அவர் நாடு திரும்பிய பின், லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்னும் அமைப்பு 2003 இல் தோன்றிற்று. யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய திறந்த மூல மென்பொருளை இலங்கை இளைஞரைக் கொண்டு ஆக்குவது அதன் நோக்கம். 2004 இல் கொழும்பிற் கூடிய நிரலாளர்கள் அக்சிஸ் 2 என்னும் மென்பொருளுக்கு அடித்தளமிட்டார்கள். 2005 ஓகத்தில் வீரவரணவும் போல் பிரிமாண்டில், தவனம் சிறீநிவாஸ் ஆகியோரும் டபிள்யூ. எஸ். ஓ. 2 என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். 2006 மே மாதத்தில், அமெரிக்காவின் அப்பாச்சி மன்றத்தின் பெயரில், அக்சிஸ் 2 இன் முதலாம் பதிப்பு உலகுக்கு வெளிவந்தது. அதை எழுதிய கைகளிற் பல இலங்கைக் கைகள்.

அக்சிஸ் 2 இன் உறுப்புக்களில் ஒன்று மேற்சொன்ன விவரக் கோப்பை வாங்கி ஜாவா மொழியில் நிரல் எழுதித் தரும் கருவியாகும். அதன் வேலைமுறை கவனிக்கத்தக்கது. கோப்பில் 'மாணவர்' என்று ஒரு பொருள் வரையறுக்கப்பட்டிருந்தால் கருவி அப்பெயரில் ஒரு வகுப்பை எழுதும். ஜாவாவில் வகுப்பு என்பது பொருளொன்றின் அச்சு. பொருளின் கீழ் 'பிறந்த திகதி' என்று ஒரு வரி இருந்தால், அத்திகதியை வைத்திருக்க ஓர் இடமும், கேட்டால் எடுத்துக் கொடுக்க ஒரு கட்டளையும், புதியதை வைக்க ஒரு கட்டளையும் எழுதும். அப்பொருளைச் செய்தியாக மாற்றி அனுப்பவும், வந்த செய்தியைப் பிரித்து மீண்டும் பொருளாக்கவும் வேண்டிய வரிகளையும் அதுவே எழுதிவிடும். ஒரு பக்கத்தில் அடங்கும் விவரக் கோப்பிலிருந்து பல்லாயிரம் வரிகள் பிறக்கும். படிப்பதற்கு அவை சுவையற்றவை. ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வரும். மனிதன் எழுதினால் நூறாவது வரியிற் சலித்துப் பிழைவிடுவான். இயந்திரத்துக்குச் சலிப்பில்லை.

இவ்வாறு பிறந்த நிரலின் தலைப்பிற் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கை காணப்படும்: 'இது கருவியால் ஆக்கப்பட்டது, இதில் கை வைக்கற்க' என்பது அதன் கருத்து. காரணம் உண்டு. அவசரத்தில் ஒருவர் அந்த நிரலிலேயே ஒரு திருத்தம் செய்வார். செயலியும் நன்றாக ஓடும். சில மாதங்களின் பின் விவரக் கோப்பில் ஒரு வரி மாறும். கருவி மீண்டும் ஓடும். பழைய நிரல் அழிந்து புதியது எழுதப்படும். கையால் செய்த திருத்தம் அதனுடன் மறையும். உறுதியின் பிரதியில் மட்டும் எல்லையைத் திருத்தி மூலத்தைத் திருத்தாது விட்டவரின் நிலையே இது. ஆதலால் தேர்ந்த நிரலாளர் தாம் எழுதுவதை ஒரு கோப்பிலும், கருவி எழுதுவதை வேறு கோப்பிலும் வைத்து, இரண்டையும் கலவாது காப்பர். கலந்துவிட்ட நிறுவனங்கள் பல கருவியையே கைவிட நேர்ந்தது. குற்றம் கருவியினதன்று.

அக்சிஸ் 2 உருவாகிக்கொண்டிருந்த வேளையிலேதான் 2004 திசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. கரவெட்டி உள்நாட்டு ஊராதலின் அலை அதைத் தொடவில்லை. பருத்தித்துறை, மணற்காடு, உடுத்துறை என்று வடமராட்சியின் கரையெங்கும் அழிவு. நாடு முழுவதிலும் 30,000 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். காணாமற்போனவர் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்பன துண்டுக் கடதாசிகளிற் சிதறிக் கிடந்தன. இலங்கை நிரலாளர்கள் சில நாட்களுக்குள் இவற்றைப் பதியும் மென்பொருள் ஒன்றை எழுதினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் 'சஹன' என்பது அதற்குப் பெயராயிற்று. 2005 இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2006 இற் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. பின்னர் 'ஈடன்' என்னும் பெயரில் புதிதாக எழுதப்பட்ட பதிப்பில், அட்டவணையை ஒருமுறை விவரித்தாற் போதும். திரைப் படிவம் செயலி ஓடும்போதே தானாகத் தோன்றும். பேரிடர்க் காலத்தில் இதன் அருமை பெரிது. புதிய தேவை காலையில் எழும். மாலைக்குள் படிவம் வேண்டும்.

காணாமற்போனவர் பட்டியலில் முதல் விவரம் பெயராகும். இங்கேதான் விவரக் கோப்பை எழுதுபவர் யார் என்ற கேள்வி எழுகிறது.

மேனாட்டிற் பழகிய நிரலாளர் ஒருவர் மனிதரை விவரிக்கும்போது 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டு வரிகளை எழுதுவார். இரண்டும் கட்டாயம் என்றும் குறிப்பார். கருவி அதை அவ்வாறே எல்லா நிரல்களிலும் படிவங்களிலும் நிறைத்துவிடும். கரவெட்டி ஈன்ற பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் பெயரை அந்தப் படிவத்தில் எப்படி எழுதுவது? கார்த்திகேசு என்பது தந்தையாரின் பெயர். சிவத்தம்பி என்பதே 1932 இற் பிறந்த அவருக்கு இட்ட பெயர். வந்த வரிசையில் எழுதினால் தந்தையார் பெயர் முதற்பெயராகி, மகனுக்கு இட்ட பெயர் குடும்பப்பெயராகிவிடும். மாற்றி எழுதினாலோ அவர் பெயர் சிவத்தம்பி கார்த்திகேசு என்று அச்சாகும். அப்படி ஒருவரை ஊர் அறியாது. ஆங்கில எழுத்தில் இப்பெயரை ஒருவிதமாகவும் நூலகங்களின் ஒலிபெயர்ப்பு முறையில் வேறுவிதமாகவும் எழுதும் வழக்கத்தையுஞ் சேர்த்தால், ஒருவர் இரண்டு மூன்று பேராகிவிடுவார்.

எழுத்தின் நீளத்திலும் இடர் உண்டு. விவரக் கோப்பில் ஒருவர் 'பெயருக்கு 30 பைற்று இடம்' என்று எழுதுகிறார். ஆங்கிலத்திற் கார்த்திகேசு என்பதும் சிவத்தம்பி என்பதும் பத்துப் பத்து எழுத்துக்கள். பத்துப் பத்துப் பைற்றுக்களே செல்லும். முப்பது தாராளம் என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. தமிழில் கார்த்திகேசு என்பது இலக்கணப்படி ஆறெழுத்து. ஆனால் யூனிக்கோட் முறை மெய்யையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனி எண்ணுவதால் அது 12 குறிகளாகிறது. இணையத்திற் பெருவழக்கான யூ. டி. எப். 8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற்று, ஆக 36. முப்பதில் வெட்டினால் எஞ்சுவது 'கார்த்திகே'. சிவத்தம்பி என்பது பத்துக் குறி. சரியாக முப்பதில் மயிரிழையில் தப்பிக்கொள்ளும். மகன் தப்பத் தந்தை வெட்டுண்ணும் விந்தை இது. கையால் எழுதிய நிரலாயின் நான்கிடத்தில் ஓரிடத்திலாவது ஒருவர் இதைக் கண்டு நிறுத்தியிருக்கக்கூடும். கருவியோ நான்கு இடத்திலும் ஒரே அளவில் வெட்டும்.

இன்று விவரக் கோப்புக்கள் ஜேசன், யாமல் முதலிய எளிய வடிவங்களில் எழுதப்படுகின்றன. 2011 இற் சுவாகர் என்று பிறந்து 2016 முதல் ஓப்பின் ஏ. பி. ஐ. எனப்படும் முறை, டபிள்யூ. எஸ். டி. எல். வகித்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. டபிள்யூ. எஸ். ஓ. 2 நிறுவனம் ஆக்கி 2019 செப்தெம்பரில் முதலாம் பதிப்பாக வெளியிட்ட பலரீனா என்னும் நிரல்மொழியிலும் அத்தகைய கோப்பிலிருந்து நிரல் ஆக்கும் கருவி இருக்கிறது. கைத்தொலைபேசிச் செயலிகள் செய்வோருக்கும் இது அன்றாட வழக்கமாகிவிட்டது. அண்மையில் வந்த செயற்கை நுண்ணறிவுப் பொறிகளும் கேட்டவுடன் நிரல் எழுதுகின்றன. ஆயினும் ஒரு வேற்றுமை: பழைய கருவிக்கு ஒரே கோப்பை நூறுமுறை கொடுத்தாலும் நூறுமுறையும் அதே நிரல் வரும், புதிய பொறியிடம் அந்த உறுதிப்பாடு இல்லை. பிரதிக்குப் பிரதி மாறும் எழுத்தரை எந்தப் பதிவகமும் விரும்பாது.

பெயர்ச் சிக்கலுக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. உலக வலை அமைப்பு 2011 இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, பெயரை இரண்டாகப் பிரிப்பது உண்மையிலேயே வேண்டுமா என்று முதலில் எண்ணிப் பார்க்கும்படி நிரலாளரைக் கேட்டது. விவரக் கோப்பில் இரண்டு வரிகளை அழித்து 'முழுப்பெயர்' என்று ஒரு வரி எழுதி, அளவையும் கூட்டிவிட்டு, கருவியை மறுபடி ஓட்டினால் போதும். அட்டவணையும் நிரலும் படிவமும் செய்தியும் சில நொடிகளில் மாறிவிடும். ஆனால் அதற்கு முன்னே இரு கூறாகப் பதியப்பட்ட பெயர்கள் அப்படியே இருக்கும். அவற்றில் எந்தக் கூறு தந்தையினது, எந்தக் கூறு பிள்ளையினது, எது வெட்டுண்டது என்று கருவிக்குத் தெரியாது. அவற்றை ஊரறிந்த ஒருவர் பழைய இடாப்பைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும்.