கொரோனாவுக்கு எழுதிய 6,000 கோடி

2009இல் ஜெர்மனி அரசு ஒரு அறிவிப்பு செய்தது. ஒன்பது வருஷமாவது ஓடிய பழைய காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, அதற்கான சான்றிதழோடு வந்து புதுக் கார் வாங்கினால் 2,500 யூரோ. உலக நிதி நெருக்கடியில் கார் தொழிற்சாலைகள் படுத்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆனால் அரசு அதற்கு வைத்த பெயர் 'சுற்றுச்சூழல் ஊக்கத்தொகை'. புது வண்டி எவ்வளவு கரியமில வாயு விடுகிறது என்று கேட்கக்கூட இல்லை, பெயர் மட்டும் பச்சை! ஊர்மக்கள் அதை 'உடைப்புக் காசு' என்கிற அர்த்தத்தில்தான் கூப்பிட்டார்கள். 500 கோடி யூரோ செலவில் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் வாங்கிக்கொண்டார்கள். அந்த ஆண்டு 38 லட்சம் புதுக் கார்கள் பதிவாயின, மறு ஆண்டு 29 லட்சம்தான். நாளைக்கு வாங்க இருந்தவர்களில் நிறைய பேர் இன்றைக்கே வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கதையை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 கோடையில் கொரோனா முடக்கத்துக்குப் பிறகு அதே நாட்டில் அதே கோரிக்கை மறுபடி வந்தது. கேட்டவர்கள் யார் என்று பாருங்கள்: பவேரியாவின் ஸோடர், ஃபோக்ஸ்வாகனில் பங்கு வைத்திருக்கிற லோயர் சாக்ஸனி மாநிலத்தின் வைல், மெர்சிடஸ் ஊரான பாடன்-வூர்ட்டம்பெர்கின் கிரெட்ச்மன். இதில் கிரெட்ச்மன் பசுமைக் கட்சிக்காரர். கார் தொழிற்சாலை உள்ள மாநிலத்துக்கு முதல்வரானால் கட்சி நிறம் கொஞ்சம் வெளுக்கும் போல. பெட்ரோல், டீசல் கார்களுக்கும் வாங்குவோர் மானியம் வேண்டும் என்றார்கள் மூவரும்.

2020 ஜூன் 3 இரவு, இரண்டு நாள் பேச்சுக்குப் பிறகு கூட்டணி அரசு 13,000 கோடி யூரோ திட்டத்தை அறிவித்தது. அப்போது நிதியமைச்சராக இருந்த ஓலாஃப் ஷோல்ஸ் 'வும்ஸ்' என்று நெருக்கடியிலிருந்து வெளியே வரப்போகிறோம் என்றார். நம்மூர் 'டமால்' மாதிரி ஒரு சத்தம்தான் அது. பெட்ரோல், டீசல் காருக்குத் தனி மானியம் கிடையாது. மின்சாரக் காருக்கு மத்திய அரசு தரும் பங்கு 3,000லிருந்து 6,000 யூரோவாக இரட்டிப்பானது. ஹைட்ரஜனுக்கு 900 கோடி. பதினோரு வருஷத்தில் ஒரு நாடு பாடம் கற்றுக்கொண்டது என்று அன்றைக்கு எழுதியவர்கள் நிறைய பேர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2019இல் சுமார் 63,000 ஆக இருந்த மின்சாரக் கார் பதிவு 2020இல் 1.94 லட்சம் ஆனது, 2021இல் 3.56 லட்சம்.

அந்தத் திட்டத்தில் எனக்கு ரொம்ப சுவாரசியமான பகுதி கார் இல்லை, மின்கட்டணம். சூரிய, காற்றாலை மின்சாரத்துக்கு ஜெர்மனி ஒரு உத்தரவாத விலை கொடுத்து வந்தது. சந்தை விலைக்கும் அந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு வீட்டு பில்லிலும் யூனிட்டுக்கு இத்தனை சென்ட் என்று வசூலித்தார்கள். முடக்கத்தில் தொழிற்சாலைகள் மூடின, மின்தேவை விழுந்தது, சந்தை விலையும் விழுந்தது. விலை விழுந்தால் வித்தியாசம் கூடும் இல்லையா? அதனால் மின்சாரம் மலிவான அதே நேரத்தில், 6.76 சென்ட்டாக இருந்த அந்த வசூல் 2021இல் 9.65 சென்ட்டாக ஏற வேண்டிய நிலை. வேலை போன நேரத்தில் 'பச்சை மின்சாரத்தால் பில் ஏறுது' என்று ஜனங்கள் திட்டியிருப்பார்கள். 1,100 கோடி யூரோ ஒதுக்கி, அதை 6.5 சென்ட்டில் நிறுத்தினார்கள். பச்சை மின்சாரச் செலவை பில்லிலிருந்து அரசு கஜானாவுக்கு மாற்றும் முதல் பெரிய அடி அது. 2022 ஜூலையில் அந்த வசூலே பூஜ்ஜியம் ஆனது.

காசே செலவாகாத ஒரு காரியமும் அந்தத் திட்டத்தில் இருந்தது. 2012இல் ஒரு விதி போட்டிருந்தார்கள்: நாட்டின் சூரிய மின்திறன் 52 ஜிகாவாட்டைத் தொட்டால், அதற்குப் பிறகு வரும் கூரைத் தகடுகளுக்கு உத்தரவாத விலை கிடையாது. 2020இல் அந்த எல்லை கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. தூக்கிவிடலாம் என்று கொள்கையளவில் ஒப்புக்கொண்டும், காற்றாலைக்கும் வீடுகளுக்கும் எத்தனை மீட்டர் இடைவெளி என்ற வேறொரு சண்டையோடு இதை முடிச்சுப்போட்டு மாதக்கணக்கில் இழுத்தார்கள். ஜூன் திட்டத்திலும் எழுதி, அதே மாதம் 18ஆம் தேதி நாடாளுமன்றத்தில் ஒரு வரியை அடித்தார்கள். அந்த ஆண்டு சுமார் 5 ஜிகாவாட் சேர்ந்தது, 2023இல் 14 ஜிகாவாட்டுக்கு மேல். எல்லாம் இந்த ஒரு வரியால் என்று சொல்ல மாட்டேன், போர்க்கால மின்விலைக்கும் பங்குண்டு. ஆனால் அந்த வரி அப்படியே இருந்திருந்தால் கூரை மேல் தகடு போட நினைத்த பலர் கீழேயே நின்றிருப்பார்கள்.

சரி, தலைப்பில் உள்ள 6,000 கோடிக்கு வருவோம்.

ஜெர்மன் அரசியல் சட்டத்தில் 2009இலிருந்து 'கடன் பிரேக்' என்று ஒன்று இருக்கிறது. மத்திய அரசு ஆண்டுக்கு நாட்டு உற்பத்தியில் 0.35 சதவீதத்துக்கு மேல் நிரந்தரப் பற்றாக்குறை வைக்கக் கூடாது. (தமிழில் கடன் என்றால் வாங்கியதும்தான், செய்தே தீர வேண்டியதும்தான். ஜெர்மன் மொழியில் அதே சொல்லுக்குக் குற்றம் என்றும் அர்த்தம். அந்த ஊர் அரசியல் புரிய இது கொஞ்சம் உதவும்.) இயற்கைப் பேரிடர் மாதிரி அசாதாரண நெருக்கடியில் மட்டும் நாடாளுமன்றம் பிரேக்கிலிருந்து காலை எடுக்கலாம். 2020, 2021, 2022 மூன்று ஆண்டும் எடுத்தார்கள். 2021க்கு மட்டும் 24,000 கோடி யூரோ கடன் வாங்க அனுமதி இருந்தது. பயந்த அளவுக்குச் செலவாகவில்லை, 6,000 கோடி மிச்சம்.

அந்த நேரம் பார்த்து ஆட்சி மாறியது. 2021 டிசம்பரில் ஷோல்ஸ் பிரதமர். கூட்டணியில் பசுமைக் கட்சிக்குப் பருவநிலை முதலீடு வேண்டும். தாராளவாதக் கட்சியின் நிதியமைச்சர் கிறிஸ்டியன் லிண்ட்னருக்கு வரியும் ஏறக் கூடாது, கடன் பிரேக்கும் அசையக் கூடாது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வழி: கொரோனாவுக்கு வாங்க அனுமதித்த கடனில் மிச்சத்தை எரிசக்தி-பருவநிலை நிதியத்துக்கு மாற்றுவது. தொற்றால் தனியார் முதலீடு நின்றுபோனது, அதை மீட்கத்தான் இது என்று காரணம் எழுதினார்கள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் 2021 பட்ஜெட்டுக்கான இந்தத் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேதி 2022 ஜனவரி 27. கணக்கு ஆண்டு முடிந்து நாலு வாரம் ஆயிற்று!

எதிர்க்கட்சியான கிறிஸ்தவ ஜனநாயகக் கூட்டணியின் 197 உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 நவம்பர் 15 அன்று கார்ல்ஸ்ரூஹவில் அரசியல் சட்ட நீதிமன்றத்தின் இரண்டாம் அமர்வு அந்தத் திருத்தம் செல்லாது என்றது. நெருக்கடிக்கும் செலவுக்கும் உள்ள தொடர்பைச் சரியாக நிறுவவில்லை. நெருக்கடி ஆண்டுக்கென்று வாங்கிய அனுமதியைப் பின்னால் வரும் ஆண்டுகளுக்குச் சேமித்துவைக்க முடியாது. ஆண்டு முடிந்தபின் அந்த ஆண்டின் பட்ஜெட்டைத் திருத்த முடியாது. மூன்றாவதைப் படிக்கும்போது இதை யாரும் முன்னாடியே சொல்லலையா என்றுதான் தோன்றுகிறது.

அதன்பின் நடந்தது ஒரே ஓட்டம். பட்ஜெட் முடக்கம். மறு ஆண்டுக்கான பருவநிலை நிதியத்தில் 1,200 கோடி வெட்டு. டிசம்பர் 16, ஒரு சனிக்கிழமை, மின்சாரக் கார் மானியம் மறுநாளோடு முடிகிறது என்று அறிவிப்பு. அந்த மானியத்துக்கு விண்ணப்பிக்க வண்டி ஆர்டர் செய்திருந்தால் போதாது, பதிவாகியிருக்க வேண்டும். மாதக்கணக்கில் வண்டிக்குக் காத்திருந்தவர்கள் வார இறுதியில் 4,500 யூரோ வரை இழந்தார்கள். சில நிறுவனங்கள் அந்தத் தொகையைத் தாங்களே ஏற்றன. விவசாய டீசல் சலுகையிலும் கை வைத்ததால் பெர்லினுக்குள் டிராக்டர்கள் வந்து நின்றன. 2024இல் மின்சாரக் கார் பதிவு 27 சதவீதம் விழுந்து 3.8 லட்சம் ஆனது.

இங்கே இன்னொரு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 2021 ஏப்ரலில் இதே நீதிமன்றத்தின் முதல் அமர்வு பருவநிலைச் சட்டத்தின் ஒரு பகுதி அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. 2030 வரை தாராளமாகப் புகைவிட அனுமதித்து, பாரத்தை அதற்குப் பிறகு வாழ்பவர்கள் தலையில் ஏற்றுகிறீர்கள், அவர்கள் சுதந்திரம் என்ன ஆகும் என்று கேட்டது. அரசு இலக்கை 2050லிருந்து 2045க்கு முன்னால் கொண்டுவந்தது அதனால்தான். ஆக ஒரே கட்டடத்தில், பிள்ளைகள் மேல் புகையை ஏற்றாதே என்று ஒரு அமர்வு. சட்டம் விட்ட அளவுக்கு மேல் கடன் வாங்காதே என்று இன்னொரு அமர்வு. சட்டப்படி இரண்டும் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. நடுவில் மாட்டிய அரசு வரி போட்டிருக்கலாம், பெட்ரோலியச் சலுகைகளைக் குறைத்திருக்கலாம், பிரேக்கையே திருத்தும்படி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை தேடியிருக்கலாம். மூன்றும் கஷ்டம். கணக்குப்புத்தகத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு எழுதுவது சுலபம். தொற்றுக்காலத்தில் 'மீட்சியும் பசுமையும் ஒரே காசில்' என்று பல நாடுகள் பேசின. மீட்சிக் காசு அவசரத்துக்கு வருவது, இரண்டு வருஷத்தில் தீர்ந்துவிடும். மின்தடமும் ஹைட்ரஜன் ஆலையும் பத்து, இருபது வருஷ வேலை. இதை அதில் கட்டிவைத்ததில்தான் கோளாறு என்று நினைக்கிறேன்.

கூட்டணி பிழைக்கவில்லை. 2024 நவம்பர் 6 இரவு, 2025 பட்ஜெட் சண்டையில், ஷோல்ஸ் லிண்ட்னரைப் பதவி நீக்கினார். பிப்ரவரித் தேர்தலில் வென்றது, வழக்குப் போட்ட கட்சியை நடத்திய ஃபிரீட்ரிஷ் மெர்ஸ். அவருக்கும் உடனே பணம் தேவைப்பட்டது, ராணுவத்துக்கும் பாலங்களுக்கும். புது நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காது என்பதால், காலாவதியாகிக்கொண்டிருந்த பழைய நாடாளுமன்றத்தையே 2025 மார்ச் 18 அன்று கூட்டி, 50,000 கோடி யூரோ தனிக் கடனுக்கு அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். பசுமைக் கட்சி வாக்கு இல்லாமல் அது நடக்காது. அவர்கள் கேட்ட விலை 10,000 கோடி. அது போய்ச் சேர வேண்டிய இடம் அதே பருவநிலை நிதியம், 2022 ஜனவரியில் 6,000 கோடியை ஏற்றி, 2023 நவம்பரில் துடைத்த அதே கணக்கு.