உரைத்தொகுப்பிக் கட்டளைகளின் பெயரிடல்

உரைத்தொகுப்பிக் கட்டளைகளின் பெயரிடல் என்பது, கணினியில் உரையை எழுதவும் திருத்தவும் பயன்படும் மென்பொருள்களில் ஒவ்வொரு செயலுக்கும் உரிய சொல்லையும் விசையையும் தேர்ந்தெடுக்கும் முறையாகும். பெயர் தெளிவாக இருத்தல், ஒத்த செயல்கள் ஒத்த முறையில் பெயர் பெறுதல் ஆகிய இரண்டும் இதன் அடிப்படைத் தேவைகளாகும். இவற்றுள் பின்னது சீர்மை எனப்படும்.

ஒரே சொல், இரு பொருள்

'யாங்க்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு 'வெடுக்கென இழுத்தல்' என்பது பொருள். பில் ஜாய் 1976 இல் உருவாக்கிய வி.ஐ. தொகுப்பியில் இச்சொல் உரையை நகலெடுப்பதைக் குறிக்கிறது. அதே ஆண்டில் தோன்றிய ஈமாக்ஸ் தொகுப்பியிலோ, வெட்டி வைத்த உரையை மீண்டும் ஒட்டுவதைக் குறிக்கிறது.

'டெலிட்' என்னும் சொல்லும் இவ்வாறே வேறுபடுகிறது. வி.ஐ.யில் அக்கட்டளையால் நீக்கிய உரையை வேறிடத்தில் ஒட்டலாம். ஈமாக்ஸில் 'கில்' என்னும் கட்டளையால் நீக்கிய உரையே ஒட்டுவதற்காகச் சேமித்து வைக்கப்படுகிறது. 'டெலிட்' செய்தது அவ்வாறு வைக்கப்படுவதில்லை. எனவே ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு மாறும்போது, தாம் எடுத்து வைத்ததாக எண்ணிய உரை கிடைக்காமல் போகக்கூடும்.

வெட்டு, நகலெடு, ஒட்டு

1970களின் நடுப்பகுதியில் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் ஆகியோர் ஜிப்சி என்னும் தொகுப்பியை உருவாக்கினர். தாளைக் கத்தரித்துப் பசையிட்டு ஒட்டும் அச்சுப்பணி வழக்கத்திலிருந்து 'வெட்டு', 'ஒட்டு' என்னும் பெயர்கள் கணினிக்கு வந்தன. ஆப்பிள் நிறுவனத்தின் லிசா (1983), மாக்கின்டாஷ் (1984) கணினிகள் இவற்றைப் பரவலாக்கின.

சீர்மையும் விதிவிலக்கும்

வி.ஐ. கட்டளைகள் வினையும் செயப்படுபொருளும் சேர்ந்த சிறு வாக்கியம் போன்றவை. 'டி' நீக்குதல், 'சி' மாற்றுதல், 'ஒய்' நகலெடுத்தல். இவற்றுடன் சொல், வரி முதலியவற்றைக் குறிக்கும் விசை சேர்கிறது. ஆகவே மூன்று வினைகளையும் பத்து நகர்வுகளையும் அறிந்தவர் முப்பது கட்டளைகளை அறிந்தவராகிறார்.

இம்முறையில் ஒரு பிறழ்வு உண்டு. பெரிய எழுத்து 'டி', 'சி' ஆகியவை வரியின் இறுதி வரை செயற்படுகின்றன; பெரிய எழுத்து 'ஒய்' மட்டும் முழு வரியையும் நகலெடுக்கிறது. 1991 இல் வெளியான விம், பழைய பயனர்களின் பழக்கம் கருதி இதை அப்படியே வைத்துக்கொண்டது. வரியிறுதி வரை நகலெடுப்பதே தருக்கமுறைக்கு ஏற்றது என்று அதன் கையேடே குறிப்பிடுகிறது. நியோவிம் 2021 இல் வெளியிட்ட 0.6 பதிப்பில் இதை இயல்பமைப்பாகவே மாற்றியது.

ஆய்வுகள்

தாமஸ் லண்டாவரும் பிறரும் 1983 இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் இயல்பாகக் கூறும் சொற்களைக் கட்டளைகளுக்குப் பெயராக இட்டபோதும் தொடக்கநிலைக் கற்றல் எளிதாகவில்லை எனத் தெரிந்தது. ஜார்ஜ் ஃபர்னாசும் பிறரும் 1987 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே பொருளுக்கு இருவர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 விழுக்காட்டிற்கும் குறைவு. ஒரே கட்டளைக்குப் பல மாற்றுப்பெயர்களை ஏற்பதே இதற்குத் தீர்வு என அவர்கள் பரிந்துரைத்தனர்.

எல்லோருக்கும் இயல்பான ஒரே சொல் அரிது என்பதால், வடிவமைப்பாளர் தேர்ந்த சொல்லைத் தொகுப்பி முழுவதும் ஒரே பொருளில் ஆள்வது இன்றியமையாததாகிறது.