யார் ஒட்டியது?

மாடல் விமானப் பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் போட்டிருக்கும்: ஏறக்குறையப் பறக்கத் தயார். எங்கள் வட்டத்தில் ஏ.ஆர்.எஃப். என்று மூன்றெழுத்தில் முடித்துவிடுவோம். உடம்பும் இறக்கையும் ஒட்டி, வண்ணத் தாள் போர்த்தி வந்துவிடும். என்ஜின், சர்வோ, ரிசீவர் பொருத்தினால் போதும் என்பார்கள். அந்த 'ஏறக்குறைய'வில்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் கரைகின்றன.

கோவையில் ஒரு பம்பு ஃபவுண்டரியின் பேட்டர்ன் ஷாப்பில் முப்பத்தொரு வருஷம் மரம் செதுக்கியவன் நான். ரிட்டயர் ஆனதும் வாங்கிய முதல் ஏ.ஆர்.எஃப்., நாலாவது தடவை மேலே போனபோது என்ஜின் ஒரு பக்கமும் விமானம் ஒரு பக்கமுமாக இறங்கின. சோளக்காட்டில் அரை நாள் தேடி இரண்டையும் எடுத்தேன். என்ஜினைத் திருகி வைக்கும் முகப்புப் பலகை, ஃபயர்வால் என்போமே, அது என்ஜினோடு கழன்று வந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சிராய்கூட ஒட்டியிருக்கவில்லை. நல்ல ஒட்டு என்றால் பசைக்கு முன்னால் மரம் கிழியும். மரம் கிழியாமல் வாய் பிளந்திருந்தால் அங்கே பசையே சேரவில்லை. இதை எங்கள் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு முதல் வாரமே சொல்லிவிடுவோம்.

இதை ஒட்டியது யார் என்ற கேள்வி மாடல் விமானத்தின் சரித்திரத்தில் வெகுகாலம் எழவே இல்லை. 1871இல் அல்போன்ஸ் பெனோ பாரிஸின் துய்லரி தோட்டத்தில் ரப்பர் முறுக்கி விட்ட விமானம் 11 விநாடியில் ஏறக்குறைய 40 மீட்டர் போனது. அதைச் செய்தவரும் விட்டவரும் ஒருவர்தான். 1937இல் அமெரிக்காவின் கலமசூவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் 'கஃப்' என்ற எட்டடி இறக்கை விமானத்தை ரேடியோவால் திருப்பிக் காட்டினார்கள். ஒருவருக்கு மாடல் கட்டத் தெரியும், மற்றவர் ஹாம் ரேடியோக்காரர். அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்புறம் பெட்டியில் கிட் வந்தது. கிட் என்றால் ஒரு வரைபடமும் ஒரு கட்டு பால்சா மரமும்தான். மேஜைமேல் வரைபடத்தை விரித்து, மெழுகுத்தாள் போட்டு, ஊசி குத்தி, விலா எலும்பு விலா எலும்பாகக் கட்ட வேண்டும். பறக்கவிடுகிறவரே கட்டியிருக்க வேண்டும் என்று பல போட்டிகளில் விதியே இருந்தது.

பசைக்கும் ஒரு கதை உண்டு. நம் வீட்டில் உடைந்த ஜாடிக்குத் தடவும் அரால்டைட் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் விமானப் பசை செய்துகொண்டிருந்த ஏரோ ரிசர்ச் லிமிடெட்டிலிருந்து வந்தது. அந்தப் பெயரின் முதலெழுத்துகள்தான் அரால்டைட்டின் தலைப்பில் உட்கார்ந்திருக்கின்றன. அதே கம்பெனியின் ஏரோலைட் பசை, இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்கிட்டோ விமானத்தில் சேர்ந்தது. அந்த விமானத்தின் உடம்பு, பிர்ச் பிளைவுட்டுக்கு நடுவே பால்சா வைத்து ஒட்டியது. பால்சாவைப் பொம்மை மரம் என்கிறவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

1960களில் குச்சியைத் தள்ளும் அளவுக்கே சுக்கான் திரும்பும் ரேடியோ வந்தது. சூடு காட்டினால் இறுகும் மோனோகோட் தாளும் வந்தது. பறக்கவிட ஆசைப்பட்டவர்கள் பெருகினார்கள்; குளிர்காலம் முழுக்க மேஜையில் குனிய ஆசைப்பட்டவர்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. அந்த இடைவெளியில்தான் கிழக்காசியத் தொழிற்சாலைகள் நுழைந்தன. ஊசியும் வரைபடமும் நம் மேஜையை விட்டு அங்கே போய்விட்டன. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. எழுபதை நெருங்குகிறவனுக்கு விலா எலும்பு வெட்டக் கண் எங்கே இருக்கிறது? லேசரில் வெட்டி வரும் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று அப்படிப் பொருந்துகின்றன. பசை இல்லாமலே நிற்கும். வினையே அதுதான். நிற்கிறதே என்று அடுத்த துண்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அதனால் புதுப் பெட்டி வந்தால் டார்ச் அடித்து உள்ளே பார்க்கிறேன். போன மாதம் வந்ததில் ஃபயர்வாலின் நாலு மூலையில் இரண்டில்தான் பசை மினுங்கியது. பக்கப் பலகையில் யாரோ பென்சிலால் 7 என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை, பசையோடு காய்ந்து கிடந்தது.

மெதுவாகக் காயும் அரால்டைட்டைக் குழைத்து மூலைகளில் தடவி, ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் அது தண்ணீராக இளகி இண்டு இடுக்கில் இறங்கும். அஞ்சு நிமிஷப் பசைக்கு அந்தப் பொறுமை கிடையாது. முக்கோண பால்சாக் கட்டையை மூலைக்கு முட்டுக் கொடுக்கிறேன். பிறகு வெளியிலிருந்து ஃபயர்வாலின் விளிம்புக்குள் ஆறு துளை போட்டு, மூங்கில் பல்குத்தும் குச்சியில் பசை தொட்டு அடித்துவிடுவேன். ஆணி அடித்தால் மரம் பிளக்கும்; மூங்கில் அடங்கி உட்காரும். கடைசியாக முகப்பு முழுக்க ஒரு பூச்சு. என்ஜின் குடிப்பது மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருள். எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது.

இறக்கை இரண்டையும் சேர்க்கும் பிளைவுட் நாக்குக்கும் இதே கவனம். நாக்கில் மட்டும் தடவினால் போதாது, அது போகும் பொந்துக்குள்ளும் குச்சி விட்டுப் பசை தேய்க்க வேண்டும். கீல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பேன். கோவை வெயிலில் சுருங்கிப்போன தாளை நீவ, உறை மாட்டிய இஸ்திரிப் பெட்டி. "ஏனுங்க, துணி தேய்க்கிற பொட்டியில பொம்மைக்கு என்னங்க வேலை?" என்று வீட்டில் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் எடுத்தும் கொடுப்பாள்.

ராத்திரி முழுக்கக் காயவிட்டுக் காலையில் சமையலறைத் தராசில் வைத்தேன். 62 கிராம் கூடியிருந்தது, பெரும்பாலும் மூக்கில். பேட்டரியை இரண்டு விரல் பின்னால் தள்ளி வைத்து, இறக்கைக்கு அடியில் சுட்டுவிரல்களால் தூக்கிப் பார்த்தேன். மூக்கு ஒரு நூல் தாழ்ந்து நின்றது.